பாதி அறுத்த அயனியும் பந்தாட்டம் பார்த்த வீடும்

உலகக் கோப்பைக் கால்பந்து நடக்கிற மாதத்தில் மரம் முறிக்கப் போகிறவர்கள், மரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த ஊரில் எந்த நாட்டுக் கொடி பறக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிரிக்காதீர்கள் மக்களே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முழங்கால் சொன்னபடி கேட்காமல் போனதால் நான் பணியை விட்டுவிட்டேன். இப்போது என் மகன் மிஷின் வாள் பிடிக்கிறான். எந்த ஊரில் எந்த மரம், எத்தனை ஆள் போக வேண்டும் என்பதையெல்லாம் மகள் போனில் பேசி ஒழுங்கு செய்கிறாள். அவர்களோடு புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளும் எனக்குப் பிள்ளைகள்தான். வாளுக்குக் கூர் வைப்பதையும் வடத்துக்கு முடிச்சுப் போடுவதையும் கூட நிற்கிறவர்களிடம் பார்த்தே பழகிக்கொள்வீர்கள். அதை நான் எழுதப் போவதில்லை. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். மரத்தைச் சுற்றி நிற்கிற மனிதர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் மகள் திருத்துவாள்.

நம்முடைய பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் இந்த ஆட்டம் வந்தால் ஊரே இரண்டாகப் பிரிந்துவிடும். ஒரு பக்கம் அர்ஜென்டினா, ஒரு பக்கம் பிரேசில். ஜங்ஷனில் கட்அவுட் வைப்பதற்குக் கிளை மறைக்கிறது, வெட்டித் தாருங்கள் என்று இரண்டு கூட்டத்தாரும் ஒரே நாளில் என்னைக் கூப்பிட்டதும் உண்டு. ஆட்டம் பகலில் வந்தால் ஆபீசுக்குப் போகிறவர்கள் அரை நாள் லீவு எடுப்பார்கள். லீவு கிடைக்காதவர்களுக்குச் சரியாக மத்தியானச் சோற்றுக்குப் பிறகு தலைவலி வரும்.

என் கூட்டத்திலும் இந்தப் பிரிவினை இருந்தது. வாள் பிடிக்கிற ஜஸ்டின் பிரேசில். வடம் பிடிக்கிறவர்களில் முன்னால் நிற்கிற பிஜு அர்ஜென்டினா. அழுக்குச் சட்டைக்கு உள்ளே நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட பனியன் போட்டுக்கொண்டுதான் பணிக்கு வருவான். இரண்டு பேரும் ஒரே பாத்திரத்தில் சோறு தின்பார்கள், ஆட்டம் பற்றிப் பேச்சு வந்தால் முகம் பார்க்க மாட்டார்கள். ஆட்டமுள்ள நாட்களில் எல்லோருடைய போனையும் வாங்கி என் பையில் போட்டுவிடுவேன்.

அர்ஜென்டினா அரபு நாட்டுக்காரர்களிடம் தோற்றது ஞாபகம் இருக்குமே, அந்த மத்தியானத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். கொல்லயில் என்கிற ஊரில் சுகுமாரன் அண்ணன் வீட்டில் ஓர் அயனிப் பலா மரத்தை வெட்டிப் போட வேண்டியிருந்தது. அண்ணன் பல காலம் அதே அரபு நாட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவர். அயனி அவருடைய வீட்டின் முன்மூலையை ஒட்டி நின்றது. தலை கொஞ்சம் கூரைப் பக்கம் சாய்வு. மழைக்கு அடிமண் இளகியதிலிருந்து அவருடைய வீட்டுக்காரி வசந்தா அக்காவுக்கு உறக்கம் இல்லை. வீட்டுக்கு எதிரே முற்றம். முற்றம் முடிகிற இடத்தில் கல் அடுக்கிய கய்யாலைச் சுவர். அதற்குக் கீழே மரச்சீனிக் கிழங்கு பிடுங்கின வெறும் விளை. முற்றத்தின் மேலாக அந்த விளையில் மரத்தைப் போடுவது என்று தீர்மானித்தோம். கிளைகளை இறக்கிவிட்டு, மேலே வடம் கட்டி, விளையின் அக்கரையில் நின்ற தென்னையில் ஒரு சுற்றுப் போட்டு, நுனியைப் பிஜுவும் இன்னும் இரண்டு பேரும் பிடித்திருந்தார்கள். அந்த வடம் முறுக்கமாக இருக்கும்வரை மரம் வீட்டின்மேல் சாயாது.

அறுப்புத் தொடங்கினால் வீட்டுக்குள் ஆள் இருக்கக் கூடாது. காலையிலேயே அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

“ஆட்டம் ஜங்ஷன் கிளப்பிலயாக்கும், பெரிய திரையில. இஞ்ச ஒரு குஞ்சும் வராது” என்றார். முற்றத்தின் மேலாகப் போகிற டிஷ் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்தோம். அதற்கும் அவர் தலையாட்டினார்.

காலையில் பெய்த மழை எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. அறுப்பு பாதியைத் தாண்டும்போது ஆட்டம் தொடங்குகிற நேரமாகிவிட்டது. நான் வழக்கம்போல, மரமும் வடமும் இரண்டும் கண்ணில் படுகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மிஷின் ஓடுகிற சத்தத்தில் வேறெதுவும் காதில் விழாது.

திடீரென்று வீட்டு முன்வாசல் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கூட்டம் கூச்சல் போட்டபடி முற்றத்தில் வந்து விழுந்தது. ஒருவன் கொடியைச் சுற்றுகிறான், ஒருவன் மற்றவன் தோளில் ஏறுகிறான், எல்லோரும் சரியாக அந்த வடத்துக்கு அடியில் நின்று துள்ளுகிறார்கள். நான் இரண்டு கையையும் தூக்கினேன். ஜஸ்டின் மிஷினை நிறுத்தினான். துள்ளி முடிந்ததும் வந்த வழியாகவே அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். பெனால்டியில் ஒரு கோல் விழுந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

நான் உள்ளே போனேன். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. எல்லோரும் வளர்ந்த ஆண்கள். பாதிப் பேர் ஆபீஸ் உடுப்பில் இருந்தார்கள்.

“எலே, ஆரு உங்கள இஞ்ச வரச் சொன்னது?”

“கிளப்பில கரண்டு போச்சு மேஸ்திரி. அண்ணனுக்க வீட்டில இன்வெர்ட்டர் உண்டுல்லா. பொறவாசல் வழி வந்தோம்.” சொன்னவன் பிரகாஷ், ஒரு பேங்கில் கிளார்க். நாங்கள் வடம் கட்டுகிற மும்முரத்தில் இருந்தபோது டிஷ் வயரைத் தரையோடு இழுத்து மறுபடி மாட்டியவனும் அவன்தான் என்று அவனே பெருமையாகச் சொன்னான்.

“மரம் பாதி அறுத்து நிக்குது. எல்லாரும் வந்த வழியே ரோட்டுக்கு எறங்குங்க.”

“மரம் விழப்போறது அந்தப் பக்கமாக்கும். நாங்க இருக்கது இந்தப் பக்கம். பின்ன என்ன பிரச்சன?”

“விழும்னு நான் நெனைக்கிய பக்கம் அது. மரம் என்ன நெனைக்குதுன்னு எனக்குத் தெரியாது.”

எல்லோரும் சிரித்தார்கள். டிவியிலிருந்து ஒருவரும் கண்ணை எடுக்கவில்லை. “ஹாஃப் டைமுக்கு எறங்கித் தாறோம் மேஸ்திரி, சத்தியம்” என்றான் பிரகாஷ்.

சுகுமாரன் அண்ணன் மூலையில் சும்மா உட்கார்ந்திருந்தார். “நான் என்ன செய்ய? ஒருத்தனும் கேக்க மாட்டான்” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவருக்கு உள்ளூர அரபு நாட்டுக்காரர்கள் ஜெயிக்க வேண்டும் என்று ஆசை. சோறு போட்ட நாடு. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அதைச் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை.

வசந்தா அக்கா என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டு, “இன்வெர்ட்டர் ஸ்விட்ச நான் அணைச்சிரட்டா?” என்று கேட்டார்.

எனக்கும் அந்த நினைப்பு வந்திருந்தது. வேண்டாம் என்றேன். ஏனென்று சொல்கிறேன், இதைக் கவனியுங்கள். படம் போனால் அவர்கள் பேசாமல் பின்வாசல் வழியாக ரோட்டுக்குப் போய்விட மாட்டார்கள். ஆத்திரத்தோடு முன்வாசல் வழியாக என்னிடம்தான் வருவார்கள். நான் நிற்பது முற்றத்தில். மரம் விழ வேண்டிய இடமும் முற்றம்தான். ஆபத்திலிருந்து கிளப்புகிறேன் என்று ஆபத்துக்கு அடியில் கொண்டு நிறுத்தியதாக முடியும்.

அப்படியானால் ஹாஃப் டைம் வரைக்கும் பொறுத்திருப்பது. அதுவும் எளிதல்ல. வெள்ளறடைப் பக்கம் மலைக்கு மேலே கருப்பு ஏறிக்கொண்டிருந்தது. மழை வந்தால் முன்னால் காற்று வரும். இருந்தாலும் வேறு வழி தெரியவில்லை. அறுத்த வாயில் ஆப்பு அடித்து இறுக்கினோம். பிஜுவிடம் போய், “வடத்த வலிக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம். இப்பிடியே நில்லு” என்றேன்.

“கோல் ஆரு போட்டது மேஸ்திரி?” என்று கேட்டான்.

“உங்க ஆளுதான்.”

முகம் மலர்ந்துபோயிற்று. மரத்தடியிலிருந்து ஜஸ்டின் கூவினான்: “எலே பிஜு, பெனால்டியில போட்டதெல்லாம் ஒரு கோலாலே? எங்க வீட்டு ஆடு போடும்!”

“உனக்க ஆடு போடும், உனக்க டீம் போடாது!”

அவர்கள் சண்டை போட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. பயந்தவனுக்குக் கேலி வராது.

கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து மறுபடியும் ஒரு கூச்சல். கதவு திறந்தது, எல்லோரும் முற்றத்தில். நான் ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தேன். “மரம்! மரம்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். என்ன நடந்தது தெரியுமா? நான்கைந்து பேர் நின்ற இடத்திலேயே தலையைத் தூக்கி மரத்தைப் பார்த்தார்கள். ஒரு காலடி நகரவில்லை. அதற்குள் உள்ளே இருந்து யாரோ ஒருவன், “ஆஃப்சைடு! கோல் இல்ல!” என்று விளித்தான். அடுத்த மூச்சில் முற்றம் காலி. இடித்துப் பிடித்துக்கொண்டு டிவிக்கு முன்னால் போய்விட்டார்கள்.

ஆஃப்சைடு என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியாது. மகள் பல தடவை சொல்லித் தந்த பிறகும் முழுதாகப் பிடிபடவில்லை.

மலைப் பக்கம் பார்த்தேன். கருப்பு பாதி வானம் வந்துவிட்டது. அயனியின் உச்சியில் மிச்சமிருந்த இலைகள் அசைய ஆரம்பித்தன. ஹாஃப் டைமுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று உள்ளே போய்க் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மூன்றாவது கூச்சல் கேட்டது.

இந்தத் தடவை முன்னைவிடப் பெரிது. முதல் ஆளாகப் பிரகாஷ் ஓடி வந்தான். வந்த வேகத்தில் கய்யாலைமேல் ஏறி, அங்கிருந்து எட்டி, முறுக்கமாக நின்ற வடத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிவிட்டான். ஊஞ்சல் மாதிரி ஆடுகிறான். “கோல்... கோல்...” என்று கத்துகிறான். மற்றவர்கள் கீழே நின்று கை தட்டுகிறார்கள்.

மரத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது.

இந்தச் சத்தத்தை நீங்கள் ஒரு தடவை கேட்டால் பிறகு மறக்க மாட்டீர்கள். உள்ளே நார் முறிகிற சத்தம். அதற்கப்புறம் மரத்தை நிறுத்தி வைக்க நம்மால் ஆகாது. எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் மிச்சம். வடத்தை வலித்து இழுத்தால் முற்றத்தில் நிற்கிற கூட்டத்தின் மேல். விட்டால் ஆப்பும் தெறித்து வீட்டின்மேல். ஜஸ்டின் என் முகத்தைப் பார்த்தான். பிஜு தென்னையடியிலிருந்து என் கையைப் பார்த்தான்.

“மரம்” என்று கத்த வாய் வந்தது. கொஞ்சம் முன்னால் அதைக் கத்தியபோது அவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. வாயை மாற்றிக்கொண்டேன்.

“ஆஃப்சைடு! கோல் இல்ல! ஆஃப்சைடு!”

ஜஸ்டின் ஒரு கணம் விழித்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. “ஆஃப்சைடுலே! போய்ப் பாருங்கலே!” என்று அவனும் சேர்ந்து கத்தினான். பிரேசில்காரன் வாயிலிருந்து வந்ததால் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. “போலே, பொய் சொல்லாத” என்று திட்டிக்கொண்டே எல்லோரும் உள்ளே ஓடினார்கள். பிரகாஷ் வடத்தை விட்டுக் குதித்தான். அந்த அதிர்ச்சியில் வடம் துள்ளியது. மரம் இரண்டாவது தடவை சத்தம் போட்டது. பிஜுவின் உள்ளங்கையில் வடம் உரசி இழுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவன் விடவில்லை. அவனுக்கும் அது சொந்த டீமின் கோல்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிற்கிறான். இருந்தும் விடவில்லை.

கடைசி ஆள் படி ஏறியதும், வசந்தா அக்கா வீட்டின் பக்கவாட்டிலிருந்து ஓடி வந்து முன்கதவை இழுத்து வெளியே தாழ் போட்டார். போட்டுவிட்டு, வந்த வழியே பின்பக்கம் ஓடினார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. முற்றத்தை ஒரு தடவை பார்த்தேன். ஒருவரும் இல்லை. தூக்கிப் பிடித்திருந்த கையைக் கீழே இறக்கினேன்.

“வலி!”

மூன்று பேரும் பின்னால் சாய்ந்தார்கள். ஜஸ்டின் விலகி ஓடினான். வாள் தேவைப்படவில்லை. அயனி ஒரு தடவை நின்று யோசித்த மாதிரி இருந்தது, பிறகு முற்றத்தின் குறுக்கே போய், கய்யாலையை உடைத்து, விளையில் தலை வைத்துப் படுத்தது. தரை குலுங்கியது. வீட்டு ஓடு ஒன்றுகூட அசையவில்லை.

டிஷ் வயர் மட்டும் மரத்தோடு போயிற்று.

இங்கேதான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அத்தனை உயிர் தப்பியது என்று யாராவது வந்து கையைப் பிடிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். தாழைத் திறந்ததும் வெளியே வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள்.

“கோலா இல்லியான்னு பாத்துட்டு இருக்கச்சில டிவிய அணைச்சிட்டேரே!”

“எங்கள உள்ள வச்சுப் பூட்ட நீரு ஆரு ஓய்?”

“ஹாஃப் டைமுக்கு எறங்கித் தாறோம்னு சொன்னம்லா? அதுவரைக்கும் பொறுக்க முடியாதா உமக்கு?” இது பிரகாஷ். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் அவன்தான்.

ஆபத்து கண்ணுக்குத் தெரியாதவனிடம் நீ செத்திருப்பாய் என்று சொன்னால் அவனுக்குக் கோபம்தான் கூடும். அவர்களுக்கு ஆட்டம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வேறு வீடு தேடி எல்லோரும் ரோட்டுக்கு ஓடினார்கள். உண்மையில் அந்தக் கோலும் ஆஃப்சைடுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் சொன்னது மெய்யாகிப் போனது என் சாமர்த்தியம் இல்லை. மெய்யாகாமல் போயிருந்தாலும் அதையேதான் கத்தியிருப்பேன். உங்களைப் பொய் சொல்ல நான் பழக்கவில்லை. ஆட்கள் கால் எந்தச் சொல்லுக்கு நகரும் என்று வேலை தொடங்குவதற்கு முன்பே கவனித்து வையுங்கள் என்று சொல்கிறேன். அவசரத்தில் நம் வாயில் வருவது நமக்குத் தேவையான சொல். அது அவர்களுக்கு உதவாது.

அன்று பிற்பாதியில் அரபு நாட்டுக்காரர்கள் இரண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டார்கள். ராசியான வீட்டிலிருந்து கிளப்பிவிட்டதால்தான் அர்ஜென்டினா தோற்றது என்று ஊரில் எங்கள் கூட்டத்துக்கு ஏச்சு. சுகுமாரன் அண்ணன் மட்டும் சாயங்கால மழையைப் பார்த்தபடி எல்லோருக்கும் சாயா கொடுத்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிஜு மூலையில் உட்கார்ந்து உள்ளங்கையில் மருந்து தடவிக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியது கைக்காகவா ஆட்டத்துக்காகவா என்று தெரியவில்லை. ஜஸ்டின் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். “எலே மக்கா, உனக்க டீம்காரனுவ உன்னப்போல நின்னிருந்தா இன்னைக்கு ஜெயிச்சிருப்பானுவ” என்றான். பிஜு அவனை முழங்கையால் இடித்தான்.

மறுநாள் காலையில் தடியைத் துண்டு போட்டு உருட்டப் போனோம். பிஜுவின் கையில் கட்டு இருந்தது. பணிக்கு வர வேண்டாம் என்று சொல்லியும் வந்திருந்தான். பிரகாஷ் ஆபீசுக்குப் போகிற உடுப்பில், தோளில் பையோடு வந்தான். முகத்தில் கடுப்பு இன்னும் போகவில்லை. காலில் ரப்பர் செருப்பு.

“மேஸ்திரி, எனக்க தோல் செருப்பு இஞ்ச எங்கயாவது கெடந்துதா? கய்யாலைல ஏறச்சில கழத்திப் போட்டது. புதுசாக்கும்.”

“பாக்கலியே” என்றேன். நான் பார்த்திருக்கவில்லை.

அவன் முற்றம் முழுக்கத் தேடினான். திண்டின் அடியில் குனிந்து பார்த்தான். எங்களில் யாரோ எடுத்திருப்போம் என்ற சந்தேகம் அவன் பார்வையில் இருந்தது. நாங்கள் எங்கள் பணியைப் பார்த்தோம். ஜஸ்டின் கடப்பாரை கொடுத்து, கய்யாலை ஓரத்தில் கிடந்த அடித்தடியைக் கொஞ்சம் புரட்டினான்.

செருப்பு இரண்டும் அதற்கு அடியில் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில், கழற்றிப் போட்டபடியே. ஈரமண்ணுக்குள் முழுதாகப் புதைந்து, மேலே வார் மட்டும் தட்டையாகத் தெரிந்தது.

பிரகாஷ் செருப்பைப் பார்த்தான். உடைந்து கிடந்த கய்யாலைக் கல்லைப் பார்த்தான். பிறகு வீட்டு முன்வாசலைத் திரும்பிப் பார்த்து, அங்கிருந்து இங்கே எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்தான். பிஜு எதையோ சொல்ல வாயைத் திறந்தான். நான் அவனைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

பிரகாஷ் பையைக் கழற்றிப் படியில் வைத்தான். பேன்டை முழங்கால் வரைக்கும் சுருட்டினான். பிஜுவை விலகச் சொல்லிவிட்டு அவன் நின்ற இடத்தில் நின்று, தடியில் இரண்டு கையையும் வைத்தான்.

“எந்தப் பக்கம் உருட்டணும், மேஸ்திரி?”

நான் கையைக் காட்டினேன்.